மத்தவங்க போட்ட தோட்டா

என் வலது முழங்கை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. டெல்மரைக் கேட்டால் முழங்கை இல்லை, வாய்தான் காரணம் என்பான். அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் கதை சொல்வது நான்.

என் பெயர் மார்வா. டிராக்டர் விற்கும் கடையில், உதிரி பாகங்கள் கவுண்டரில் நிற்கிறேன். டெல்மர் மின்சாரக் கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேருக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவன் மனைவி இறந்துபோனாள். என் முதல் புருஷன் உயிரோடு சௌக்கியமாக டென்வரில் இருக்கிறான், வேறொருத்தியோடு. நானும் டெல்மரும் சந்தித்தது துப்பாக்கி கிளப்பில். நெப்ராஸ்காவின் இந்த மேற்கு மூலையில் குளிர்காலத்தில் போவதற்கு வேறு இடம் என்ன இருக்கிறது? சனிக்கிழமை காலை, கிளப்பின் தகரக் கொட்டகைக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வெளியே பனியில் இரும்புத் தட்டுகளை நிறுத்திவைப்போம். பிஸ்டலால் அத்தனை தட்டையும் யார் சீக்கிரம் சாய்க்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முடிந்ததும் எல்லோருக்கும் பீன்ஸும் கறியும் கொதித்த சில்லியும், பட்டை போட்ட இனிப்பு சினமன் ரோலும்.

கடைத் தோட்டாவை வாங்கிச் சுடுபவர் எங்கள் கிளப்பில் அநேகமாக யாரும் இல்லை. சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் தீப்பொறி கிளப்பும் புதுப் பிரைமர் பதித்து, உள்ளே வெடிமருந்து கொட்டி, தலையில் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. அழுத்துவதற்கு ஒரு பிரஸ் வேண்டும். என்னுடையது ஒற்றைக் கருவி மாட்டும் பழைய பிரஸ். ஒரு தோட்டா முழுசாக வெளியே வருவதற்குள் அதன் கைப்பிடியை நாலு முறை இழுக்க வேண்டும். வாராவாரம் இழுத்து இழுத்து முழங்கை போயே போய்விட்டது. டாக்டரிடம் காட்டினேன். "டென்னிஸ் ஆடுவீங்களா?" என்று கேட்டார். டென்னிஸ் மட்டையை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் ஒருத்தருக்கொருத்தர் டிராக்டரைக் கொடுப்பார்கள், குதிரையைக் கொடுப்பார்கள், மச்சினனைக்கூட ஒரு வாரத்துக்கு அனுப்பிவைப்பார்கள். ஆனால் மற்றவர் போட்ட தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போட மாட்டார்கள். கூட்டுக்குள் மருந்து இரண்டு முறை விழுந்திருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்தே விழாமல் போயிருந்தால் பிரைமர் வெடித்த வேகத்தில் குண்டு துப்பாக்கிக் குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். மூடிய தோட்டாவை வெளியே இருந்து பார்த்து எதையும் சொல்ல முடியாது. போட்டவரை நம்ப வேண்டும், அல்லது நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நான் எல்லாவற்றையும் நானே போட்டுக்கொள்கிறவள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். எங்கள் கராஜில் ஒரே மேசை. ஒரு முனையில் என் பிரஸ், அதில் என் துப்பாக்கிக்கான ஒன்பது எம்.எம். தோட்டா. மறுமுனையில் அவன் பிரஸ், அதில் அவனுடைய பெரிய தோட்டா, நாற்பத்தைந்து. நடுவே ஒரு ரேடியோ. இதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை, நான் உட்பட.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கடைசிச் சுற்றுக்கு முன்பே என் டப்பா காலியாகிவிட்டது. வலியில் அந்த வாரம் பாதிதான் போட்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து வந்த டெல்மர் இரண்டு டப்பாக்களை என் முன்னால் வைத்தான். திறந்தால் ஒன்பது எம்.எம்., பளபளவென்று.

"இது ஏது?"

"நான்தான் போட்டேன். ரோலண்ட் வீட்டு மெஷின்ல. உனக்குத்தான்."

கொஞ்சம் யோசித்திருக்கலாம். என் வாய் முந்திக்கொண்டது. "மத்தவங்க போட்டத நான் சுடறதில்ல டெல்மர். தெரியாதா உனக்கு?"

கொட்டகையே சிரித்தது. ரோலண்ட் எங்கள் கிளப்பின் தலைவர், போட்டி நடத்துபவர், ஊரிலேயே பெரிய வாய். "யோவ் டெல்மர், வீட்டுலயே உன் பருப்பு வேகலியேய்யா!" என்றார். டெல்மரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே டப்பாக்களை எடுத்துப் பைக்குள் வைத்தான். காது மட்டும் சிவந்திருந்தது. குளிரினால் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சர்க்கரை ஆலையைத் தாண்டினோம்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"ரூல்னா ரூல்தான். நீ கம்பத்துல ஏறினப்ப, கீழ நிக்கறவன் கரண்ட் இல்லன்னு சொன்னா அப்படியே கம்பியப் புடிச்சிடுவியா? நீயே டெஸ்ட் பண்ணித்தானே தொடுவ?"

"ஆமா. டெஸ்ட் பண்ணித்தான் தொடுவேன்."

"அப்புறம் என்ன?"

"கீழ நின்னவனப் பாத்து, நீ யாரோ எவனோன்னு ஊருக்கே கேக்கற மாதிரி நான் சொன்னதில்ல." வண்டியைக் காற்று தள்ளியது, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "என் பொறந்தநாளுக்கு நீ ஒரு டப்பா நாப்பத்தஞ்சு போட்டுக் குடுத்தியே, மறுநாளே சுட்டேன். ஒண்ணக்கூட எடை போட்டுப் பாக்கல."

"அது முட்டாள்தனம்," என்றேன். முட்டாள்தனம்தானே?

"இருக்கலாம். மத்தவங்கன்னு சொன்னியே. நான் மத்தவங்களா மார்வா?"

கேட்டவன் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். நான் ஹீட்டரைக் கூட்டிவைத்தேன்.

மறுநாளிலிருந்து டெல்மர் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தான். அதைவிடக் கொடுமை கிடையாது. காபி போட்டுக் கொடுத்தான், தேங்க்ஸ் சொன்னான், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலாவது இரண்டு வார்த்தை திட்டலாம். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்கு முன் பல வாரங்களாகப் புதுப் பிரஸ் வாங்கலாம் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தவனே அவன்தான். சாப்பாட்டு மேசையில் காகிதக் கைக்குட்டையில் படம் போட்டுக் காட்டுவான். மேசை நடுவில் ஒரே பிரஸ், பக்கத்தில் இரண்டு ஸ்டூல், கருவிகளை மாற்றிக்கொண்டால் அவன் நாற்பத்தைந்தும் என் ஒன்பதும் அதிலேயே. நான் அதெல்லாம் சரிப்படாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது அவன் வேறு மாதிரி சொன்னான்: "உனக்கு எது பிடிக்குதோ நீயே பாத்து வாங்கிக்க. நான் என் பழசுலயே போட்டுக்கறேன்."

மேசையின் இரண்டு முனையும் இனிமேல் இரண்டு முனைதான் என்று அதற்கு அர்த்தம். ஒரே பிரஸ்ஸும் இரண்டு ஸ்டூலும் எனக்கும் ஆசை என்பது அவன் அதைக் கைவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதம்தான்.

சரி, வாங்குவோம் என்று இறங்கினேன். பிரஸ் வாங்குவது இந்த ஊரில் தேர்தல் மாதிரி. நீலப் பெயின்ட் அடித்த பிரஸ்காரர்கள் ஒரு கட்சி, சிவப்புக்காரர்கள் ஒரு கட்சி. இரு கட்சிக்காரர்களும் டிராக்டருக்கு ஃபில்டர் வாங்க வந்த சாக்கில் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு பிரசாரம் செய்தார்கள். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எந்தப் பாகம் முதலில் தேயும், அது தனியாகக் கிடைக்குமா? பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

கடைசியில் பார்த்தால் இருப்பது மூன்றே வழி. முதலாவது, தலை சுழலும் பிரஸ். கூடு ஒரே இடத்தில் நிற்கும், மேலே கருவிகள் சுற்றிவரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூடு, அதனால் தப்பு நடக்க இடமில்லை. ஆனால் இழுப்பு அதே நாலு, என் முழங்கைக்கு எந்த லாபமும் இல்லை. இரண்டாவது, ஒற்றை இழுப்பு பிரஸ். இதில் கூடுகள் வட்டத் தட்டில் ஐந்து இடத்தில் நின்று சுற்றிவரும். ஒரு முறை இழுத்தால் ஐந்து வேலையும் ஒரே நேரத்தில் நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளியே விழும். மூன்றாவதும் அதே சாதிதான், ஆனால் கூடுகளைத் தானே இறக்கிவிடும் குழாயும் இழுப்பதற்கு மோட்டாரும் உண்டு. ரோலண்டிடம் இருப்பது மூன்றாவது.

என் மனசு முதலாவதில் நின்றது. ஐந்து கூடு ஒரே நேரத்தில் சுற்றினால் எந்தக் கூட்டுக்குள் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்று எந்தக் கண்ணால் பார்ப்பது? என்னிடம் இருப்பது இரண்டு.

"வந்து என் மெஷினப் பாத்துட்டு அப்புறம் பேசு," என்றார் ரோலண்ட். ஒரு நாள் வேலை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நிலவறைக்கு இறங்கும் படியிலேயே "மகாராணி வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்க!" என்று கத்தினார். கீழே அவரையும் நாயையும் தவிர யாரும் இல்லை. நாய் எழுந்திருக்கவில்லை.

மெஷின் நாற்பத்தைந்து போட்டுக்கொண்டிருந்தது. கடகடவென்று கூடு இறங்கியது, தட்டு சுற்றியது, தோட்டா விழுந்தது. எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அப்போது நறுக்கென்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது. ரோலண்ட் என்னைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். பாதுகாப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"மறுபடியும் அந்தத் திருட்டுப் பய!"

திருட்டுப் பயல் ஒரு கூடு. நாற்பத்தைந்தில் பெரும்பாலும் பெரிய பிரைமர்தான். சில கம்பெனிகள் சிறிய பிரைமருக்கான குழியோடும் செய்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கவிழ்த்துப் பார்த்தால்தான் குழி சின்னது என்று தெரியும். வாளியோடு கொட்டினால் நூறு பெரிய குழிக்குள் ஒரு சின்னக் குழி கலந்து வரும். மெஷின் அதற்குள் பெரிய பிரைமரைத் திணிக்கப் பார்க்கும். பிரைமர் நசுங்கும், அதிர்ஷ்டம் கெட்டால் வெடிக்கும். இந்த முறை நசுங்கியதோடு போயிற்று.

"உங்க மெஷினுக்கு எல்லாக் கூடும் ஒண்ணுதான் போல," என்றேன்.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சா நான் ஏன்மா மெஷின் வாங்கறேன்?" என்றார். நசுங்கியதை மெதுவாக வெளியே எடுத்தபடி, "உன் ஆளு மாதிரி வேலை செஞ்சா இது நடக்காது. ஆனா அந்த மாதிரி எவன் செய்வான்?" என்றார்.

"எந்த மாதிரி?"

"அன்னிக்கு உனக்குப் போட வந்தான் பாரு. மோட்டாரக் கழட்டுன்னான். குழாயக் கழட்டுன்னான். ஒவ்வொரு கூடா கையால வெக்கறான், இழுக்கறான், நிறுத்தறான், டார்ச் அடிச்சு உள்ள பாக்கறான், அப்புறம்தான் குண்ட வெக்கறான். ரெண்டே ரெண்டு டப்பாவுக்கு மத்தியானம் பூரா. மேல ஃபுட்பால் மேட்ச் ஓடுது, எம் பொண்டாட்டி பீட்சா சுட்டு வெச்சிருக்கா. வாய்யான்னா, 'இரு, இது மார்வாவுக்கு'ங்கறான்."

குனிந்து நாயின் காதைத் தடவினேன். "இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்ட? சிரிச்சுக்கிட்டில்ல இருந்தோம் எல்லாரும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸும் கறியும் அடைத்த ரன்சா ரொட்டி செய்தேன், டெல்மருக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் அதிகம் போட்டு. மூன்று சாப்பிட்டான். "ரொம்ப நல்லா இருந்துச்சு, தேங்க்ஸ்," என்றான். விருந்தாளி மாதிரி தட்டைத் தானே கழுவி வைத்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்ததும் எரிச்சலாகி எழுந்து போய்விட்டேன். தவிர, எதற்கு மன்னிப்பு? ரூல் ரூல்தான். டார்ச் அடித்துப் பார்த்தது அவன் கண், என் கண் அல்ல. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகிப் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் என் முறை வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்று டெல்மருடையது. முதல் தட்டு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன். வெடிக்க வேண்டிய தோட்டா புஸ்ஸென்றது. தட்டு அசையவே இல்லை.

"நிறுத்து!" என்று டெல்மர் கத்திய அதே நொடியில் என் விரலும் விசையிலிருந்து வெளியே வந்துவிட்டது. தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி எடுத்தான், துப்பாக்கியைப் பிரித்தான், குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். வெளிச்சம் தெரியவில்லை. உள்ளே என் குண்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டெல்மர் பித்தளைக் கம்பியும் மரச்சுத்தியும் எடுத்துவந்து பொறுமையாகத் தட்டி அதை வெளியே தள்ளினான். குழாயை மறுபடி பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான்.

"யார் போட்ட தோட்டாய்யா இது?" என்றார் ரோலண்ட். இந்த முறை அவர் கேலியாகக் கேட்கவில்லை.

டெல்மர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குழாய்க்கு ஒண்ணும் ஆகல. அது போதும்," என்றான்.

"நான் போட்டது," என்றேன். கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னேன்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக மருந்து கொட்டுவேன். அன்று வலி தாங்காமல் இடது கைக்கு மாறினேன். மாறும் இடத்தில் ஒரு கூட்டைத் தாண்டிவிட்டேன். அப்புறம் டார்ச் அடித்து ஐம்பதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மருந்து இருக்கும் என்று நம்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருந்தது.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "அந்த ரெண்டு டப்பா எங்க?"

"எது?"

"நீ எனக்குப் போட்டது."

"பிரிச்சிட்டேன்."

"என்ன?"

"பிரிச்சிட்டேன் மார்வா. யாரும் சுடாத தோட்டாவ வெச்சுக்கிட்டு என்ன பண்றது? குண்டு உன் டப்பாவுல இருக்கு. கூடும் உன்னதுதான், திருப்பி வெச்சுட்டேன்."

போட்ட தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தி உண்டு. தோட்டாவை அதற்குள் மாட்டி, தரையில் ஓங்கி ஓங்கி அடித்தால் குண்டு கழன்று வரும். சிலது ஒரே அடியில் வராது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எனக்காகப் போட்ட நூறு தோட்டாவையும் அவன் ஒவ்வொன்றாக அடித்துப் பிரித்திருக்கிறான். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சத்தம் எனக்குக் கேட்காமல். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டபோது வராத அழுகை.

டெல்மர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினான். "ஏய், என்ன? துப்பாக்கிக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னேனே."

"துப்பாக்கி நாசமாப் போகட்டும். நீ மத்தவங்க இல்ல. போதுமா? வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன், யோசிக்காமத்தான் சொன்னேன், ஆனா நினைச்சுத்தான் சொன்னேன். அப்ப அப்படித்தான் நினைச்சேன். இப்ப நினைக்கல."

அவன் வண்டி இன்ஜினை அணைத்தான். "இது மன்னிப்பா?"

"இதுக்கு மேல எனக்கு வராது."

"சரி. போதும்," என்றான். கைக்குட்டை இல்லாததால் துப்பாக்கி துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான். எண்ணெய் நாற்றம் அடித்தது. அதிலேயே மூக்கைச் சிந்தினேன்.

திங்கட்கிழமை பிரஸ்ஸுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். ஒற்றை இழுப்பு. ஒரே ஒன்று, இரண்டு பேருக்கும் கருவிகள் சேர்த்து. மோட்டார் வேண்டாம், கூடு இறக்கும் குழாய் வேண்டாம், கூட்டைக் கையால்தான் வைக்க வேண்டும். மருந்து விழுந்த அடுத்த இடத்தில் ஒரு காவல்காரக் கருவி. ஒரு சிறு கம்பி கூட்டுக்குள் இறங்கி அளந்து பார்த்து, மருந்து கூடினாலும் குறைந்தாலும் கீச்சென்று கத்தும். மேலே தட்டைப் பார்த்த மாதிரி ஒரு குட்டி விளக்கு. தேயும் பாகங்கள் எல்லாம் தனியாகக் கிடைக்கும், விசாரித்துவிட்டேன். சொல்லிவிட்டு வந்து டெல்மரிடம் சொன்னேன்.

"நாம ரெண்டு பேருக்குமா?" என்றான்.

"பின்ன? ரோலண்டுக்கா?"

"நான் போட்டா நீ..."

"போட்டுப் பாரு."

பிரஸ் வந்த அன்று அதை மேசை நடுவில் பூட்டுவதற்குள் மூன்று முறை சண்டை போட்டோம். அவன் உயரத்துக்கு வைத்தால் எனக்கு எட்டவில்லை, என் உயரத்துக்கு வைத்தால் அவனுக்கு முதுகு வளைந்தது. கடைசியில் என் ஸ்டூலுக்கு அடியில் இரண்டு பலகை அடித்தான். ரேடியோ அலமாரிக்குப் போனது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கலாம் என்று நான் சட்டம் போட்டேன். இன்னொரு மருந்து டப்பாவை அவன் ஏற்கெனவே அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். இழுப்பது அவன் கை. கூட்டைக் கவிழ்த்துக் குழியைப் பார்த்து வைப்பதும், குண்டு வைப்பதற்கு முன் உள்ளே பார்ப்பதும் என் கண். முதலில் வந்த பத்துத் தோட்டாவைப் பிரித்து மருந்தை எடை போட்டேன். சந்தேகம் மெஷின் மேல், அவன் மேல் இல்லை. இதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடை போட்டேன். இப்போதெல்லாம் நான் ரொம்ப உஷார்.

அப்புறம் விதைப்புக் காலம் நெருங்கிவிட்டது. டிராக்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும் மாதம். தினமும் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினேன், கராஜுக்குள் கால் வைக்கவே நேரமில்லை. சனிக்கிழமை காலை என் துப்பாக்கிப் பையைத் திறந்தால் உள்ளே இரண்டு டப்பா. ஒன்பது எம்.எம். என் கண் படாமல், அவன் ஒருத்தனே போட்டது. சமையலறையில் நின்று டோஸ்டுக்கு வெண்ணெய் தடவுவதிலேயே ரொம்ப கவனமாக இருந்தான். நான் பையை மூடினேன்.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷத்துப் பழக்கம் ஒரு வண்டிப் பயணத்தில் போய்விடாது. கொட்டகையில் என் பெயரைக் கூப்பிட்டதும் மேசைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மேகசினில் ஏற்றினேன். ஒன்றைக்கூடக் குலுக்கிப் பார்க்கவில்லை, காதருகே கொண்டுபோகவில்லை. டெல்மர் எனக்குப் பின்னால் நேரம் அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெடியா?" என்றான்.

"ரெடி."

பீப் அடித்தது. சுட்டேன். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஒவ்வொரு தோட்டாவும் அதன் வேலையைச் செய்தது, என் தோட்டாவைவிடச் சீராக, சொல்லப்போனால். அந்தக் குளிர்காலத்திலேயே நான் அவ்வளவு வேகமாகச் சுட்டதில்லை என்று எனக்கே தெரிந்தது. துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டுத் திரும்பினேன்.

"நேரம் என்னய்யா?" ரோலண்ட் மார்க் அட்டையோடு காத்துக்கொண்டிருந்தார்.

டெல்மர் கருவியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கண் ஈரமாக இருந்தது. கருவி மறுபடியும் பீப் என்றது. எப்போதோ கட்டைவிரல் பொத்தானை மீண்டும் அழுத்தியிருக்கிறது, என் நேரம் அழிந்துவிட்டது.

"போச்சு," என்றான்.

"யோவ்! ஒரு பொத்தானக்கூட ஒழுங்கா அமுக்கத் தெரியாதா உனக்கு?" ரோலண்ட் அட்டையால் அவன் தலையில் ஒரு போடு போட்டார். கொட்டகையில் எல்லோரும் ஓவென்று கூச்சல் போட்டார்கள். டெல்மருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "மறுபடி சுடணும் மார்வா, வேற வழியில்ல. தோட்டா இருக்கா?" என்றார் ரோலண்ட்.

"டப்பா நிறைய இருக்கு," என்றேன். "எங்க வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தது."

மேசைக்குப் போய் அடுத்த மேகசினை ஏற்றினேன்.